தொடுவதற்கு முன் ஒரு சொல்

முஸ்லிம் ஒருவர் மருத்துவரிடம் போகும்போது கடைப்பிடிக்கும் ஒழுங்குகளில் முதலாவது உடல் மறைப்பு. எதை யார் முன் மறைக்க வேண்டும் என்பதற்கு மார்க்கத்தில் எல்லை உண்டு. மறைக்க வேண்டிய அந்தப் பகுதியை அவ்ரத் என்பார்கள். சிகிச்சைக்காக அந்த எல்லை தளரும், ஆனால் தேவைப்படும் அளவுக்கு மட்டுமே. முழங்காலில் புண் என்றால் முழங்கால்தான், தொடை அல்ல. பெண்ணைப் பெண் மருத்துவர் பார்ப்பதே சிறந்தது. அவர் கிடைக்காதபோது ஆண் மருத்துவர் பார்க்கலாம். கணவரோ, மஹ்ரமான (மணமுடிக்க விலக்கப்பட்ட) உறவினரோ, நம்பகமான இன்னொரு பெண்ணோ உடனிருக்க வேண்டும். 1993இல் புரூணையில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதமி இதைத் தீர்மானமாகவே வெளியிட்டது.

அறைக்கு வெளியே நிற்கும் உம்மாவையோ மாமியையோ உள்ளே அழைத்து உட்கார வைத்துவிட்டால், வந்த பெண்ணின் பாதிப் பதற்றம் அப்போதே அடங்கிவிடும். பர்தாவை விலக்கச் சொல்வதற்குப் பதில், ஸ்டெதாஸ்கோப்பின் வட்டை அவர் கையிலேயே கொடுத்து, துணிக்குள் எந்த இடத்தில் வைக்க வேண்டும் என்று சொன்னால் போதும், ஒலி கேட்கும். அந்தக் கருவி பிறந்ததே இப்படிப்பட்ட கூச்சத்தில்தான். 1816இல் பாரிஸில் லென்னெக் என்ற மருத்துவர், இளம்பெண் ஒருவரின் மார்பில் காது வைத்துக் கேட்கத் தயங்கி, காகிதத்தைச் சுருட்டிக் குழலாக்கினார்.

அதிகம் கவனிக்கப்படாதது ஒளு, அதாவது தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவிச் செய்யும் சுத்தம். லுஹர் எனும் நண்பகல் தொழுகைக்கு முன் இரத்த அழுத்தம் பார்க்க வரும் முதியவர், சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, பெண் செவிலியர் நெருங்கியதும் கையை இழுத்துக்கொள்வார். அது அவமதிப்பு அல்ல. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் பெரும்பாலோர் ஷாஃபி மத்ஹபினர் (சட்டப் பள்ளியினர்); மணமுடிக்கத் தடையில்லாத எதிர்பாலினரின் தோல் பட்டால் அவர்களுக்கு ஒளு முறிந்துவிடும். ஹனஃபி மத்ஹபினருக்குத் தொடுவதால் முறியாது; இரத்தம் எடுத்தால் முறியும். இரண்டுக்கும் தீர்வு எளிது. மெல்லிய துணிமேல் பட்டையைச் சுற்றலாம், அல்லது “தொடப்போகிறேன், ஒளுவோடு இருக்கீங்களா?” என்று கேட்டுவிட்டு, வேலை முடிந்ததும் தண்ணீர்க் குழாயைக் காட்டலாம். கேட்பதற்கு ஐந்து வினாடிகூட ஆகாது. முதியவரின் முகம் தெளிந்துவிடும்.

கைகுலுக்க நீட்டிய கைக்குப் பதிலாக நோயாளி தன் நெஞ்சில் கை வைத்தால், அதுவும் மரியாதையே. காப்ஸ்யூல் உறையின் ஜெலட்டின் எதிலிருந்து எடுக்கப்பட்டது, ஹலாலா என்று கேட்பவருக்கு எரிச்சலின்றி பதில் சொல்ல வேண்டும். பல மருந்துகள் மாத்திரையாகவும் கிடைக்கும்.

நோயாளி தரப்பிலும் ஒழுங்கு உண்டு. அதில் பெரியது உண்மையைச் சொல்வது. ரமலானில் இது உயிர்ப் பிரச்சினை. நோயாளிக்கு நோன்பிலிருந்து சலுகையைக் குர்ஆனே அளித்திருக்கிறது. இருந்தும், டாக்டர் தடுத்துவிடுவார் என்று பயந்து நோன்பை மறைத்து, காலை இன்சுலினை மட்டும் போட்டுக்கொண்டு, அஸர் எனும் பிற்பகல் தொழுகை நேரத்தில் வியர்த்து மயங்கியவர்கள் உண்டு. மறைக்க வைத்ததில் மருத்துவருக்கும் பங்கு உண்டு: “நோன்பெல்லாம் கூடாது” என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டால், அடுத்த ஆண்டு அந்த நோயாளி வாய் திறக்க மாட்டார். யாருக்கு ஆபத்து அதிகம், யார் மருந்தளவை சஹருக்கும் (விடியலுக்கு முந்தைய உணவுக்கும்) நோன்பு திறக்கும் நேரத்துக்குமாக மாற்றிக்கொண்டு நோன்பு வைக்கலாம் என்பது ஆளுக்கு ஆள் மாறும். விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதையும் பலருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சர்க்கரை நோயாளிகள் ரமலானுக்கு 6 முதல் 8 வாரங்களுக்கு முன்பே மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். நோன்பு நாளில் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினாலோ 300ஐத் தாண்டினாலோ (mg/dL அளவில்), சூரியன் மறையும் மக்ரிபுக்குக் காத்திருக்காமல் அப்போதே நோன்பை முறித்துவிடுங்கள்.