பிளைவுட்டில் ஓர் ஆறடி மீன்தொட்டி

கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் ஆஸ்கர் மீன் கட்டைவிரல் நீளக் குஞ்சாக விற்பனைக்கு வருகிறது. வாங்குபவர் இரண்டடித் தொட்டியில் விடுகிறார். நன்றாகத் தீனி கிடைத்தால் அது ஓரடிக்கு வளரும் மீன். அதன் பிறகு உடலைத் திருப்பக்கூட இடமின்றி, கண்ணாடியில் மூக்கை உரசிக்கொண்டே நிற்கும். அதற்கு வேண்டியது ஆறடித் தொட்டி. முழுக் கண்ணாடியில் செய்தால் என்ன விலை என்று கேட்டதும் பலர் அந்த எண்ணத்தையே விட்டுவிடுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று: நான்கடிக்குக் குறைவான தொட்டியைப் பிளைவுட்டில் கட்டாதீர்கள். அந்த அளவில் கண்ணாடித் தொட்டிதான் மலிவு. அளவு கூடக்கூட கண்ணாடி தடிமனாக வேண்டும், விலை தாவி ஏறும். அங்கேதான் பலகை கைகொடுக்கிறது.

ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். முழுக் கண்ணாடியில் செய்தால் 44 சதுர அடி தடித்த கண்ணாடி வேண்டும். பிளைவுட்டில் செய்தால் முன்பக்க ஜன்னலுக்கு மட்டும் சுமார் 10 சதுர அடி போதும். எட்டுக்கு நான்கு அளவுள்ள 19 மி.மீ. பலகை ஒன்றில் அடிப்பலகை, பின்பலகை, பக்கப் பலகைகள் இரண்டும் கிடைத்துவிடும். இரண்டாவது பலகையின் ஒரு பாதியில் முன்சட்டம் வரும். மறுபாதியை நான்கு அங்குலப் பட்டைகளாக அறுத்துத் தொட்டியின் மேல்விளிம்பைச் சுற்றிப் பதியுங்கள், நடுவில் குறுக்காகவும் ஒன்று வையுங்கள். தண்ணீர் தள்ளும்போது நீளப் பக்கங்கள் வெளியே பிதுங்காமல் பிடித்துக்கொள்வது அந்தப் பட்டைகள்தான். முன்சட்டத்தை நான்கு துண்டுகளாக ஒட்டுவது எனக்குப் பிடிக்காது. முழுப் பலகையின் நடுவில் ஜன்னலை வெட்டி எடுங்கள், சுற்றிலும் மூன்று அங்குலம் விடுங்கள். மூலைகளின் பலம் அப்போதுதான் குறையாமல் இருக்கும்.

ஆசாரிகள் மெரைன் பிளைவுட்டைத்தான் வாங்கச் சொல்வார்கள். ஐ.எஸ். 710 முத்திரை உள்ளது அது. அதன் பசை 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தாலும் விடாது. ஆனால் தண்ணீரைத் தாங்குவது பசைதான், மரம் இல்லை. எந்தப் பிளைவுட்டும் அறுத்த விளிம்பு வழியாக நீரை உறிஞ்சும். தொட்டியில் தண்ணீரைத் தடுத்து நிறுத்துவது உள்ளே பூசும் எபாக்சித் தோல். பலகை வடிவத்தைக் காக்கிறது, கண்ணாடி அழுத்தத்தைத் தாங்குகிறது. இந்த மூன்றின் வேலையையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் எங்கே சிக்கனம் செய்யலாம், எங்கே கூடாது என்பது தானே புரியும். வெளிப்பக்க வண்ணத்தில், ஸ்டாண்டில், மூடியில் சேமியுங்கள். எபாக்சியில் ஒரு ரூபாய்கூடக் குறைக்காதீர்கள்.

இந்த வித்தை புதியதும் அல்ல. 1980களில் குமரி மாவட்டம் முட்டத்தில் ஒட்டுப்பலகைப் படகுகள் கட்டத் தொடங்கினார்கள். கடலை வெளியே நிறுத்திய அதே பலகையை நாம் தண்ணீரை உள்ளே நிறுத்தப் பயன்படுத்துகிறோம். படகு கட்டுபவர்களிடம் கேட்டால் பசையைப் பற்றியும் ஃபைபர் துணியைப் பற்றியும் கடைக்காரரைவிடத் தெளிவாகச் சொல்வார்கள்.

துணியைப் பார்த்து வாங்க வேண்டும். கடையில் மலிவாகக் கிடைக்கும் ஃபைபர் மேட், பாலியெஸ்டர் ரெசினுக்காகச் செய்தது. அதன் இழைகளைப் பிடித்திருக்கும் பொருள் அந்த ரெசினில் கரையும், எபாக்சியில் சரியாகக் கரையாது. எபாக்சிக்கு நெய்த கண்ணாடியிழைத் துணிதான் சரி. உள்மூலைகளில் முதலில் எபாக்சியும் மரத்தூளும் கலந்த பட்டியை வளைவாக இழைத்து, அதன்மேல் துணியைப் பதித்து, ரெசினில் நன்றாக ஊறவிடுங்கள். கூர்மையான மூலையில் துணி படியாது, அடியில் காற்று தங்கிவிடும். ஸ்டெயின்லெஸ் திருகாணிகளின் தலைகளையும் இதே பட்டியால் மூடுங்கள். பில்டருக்கு டேங்க் நிப்பிள் போடுவதாக இருந்தால் துளையை இப்போதே போட்டு, துளையின் உள்விளிம்புக்கும் பூச்சு கொடுங்கள்.

பூச்சு நாள் என்பது எனக்குத் திருநாள். ரெசினையும் ஹார்டனரையும் தராசில் நிறுத்துக் கலக்க வேண்டும். ஹார்டனரைக் கூட்டினால் சீக்கிரம் இறுகும் என்பது தவறான நம்பிக்கை, அது கடைசிவரை மென்மையாகவே இருந்துவிடும். நம் ஊர் வெயிலில் கலவையைக் குவளையிலேயே வைத்திருந்தால் தானே சூடேறிக் கட்டியாகிவிடும். அகலமான தட்டில் ஊற்றிப் பரப்பிக்கொள்ளுங்கள். முதல் பூச்சை மாலையில், வெயில் இறங்கும்போது தொடங்குங்கள். காலையில் பூசினால் ஏறும் வெப்பத்தில் மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து, பூச்சில் ஊசித்துளைகள் விழும். மாலையில் மரம் குளிரும்போது அதே காற்று சுருங்கி ரெசினை உள்ளே இழுத்துக்கொள்கிறது. இந்த ஒரு பழக்கம் மட்டும் இருந்தாலே பாதிக் கசிவுகள் நேராது. முதல் பூச்சு நிறமில்லாமல், இரண்டாவது சாம்பல், மூன்றாவது கறுப்பு என்று போனால் விட்டுப்போன இடம் கண்ணுக்குத் தெரியும். பூச்சு இறுகிய பிறகு மேலே பிசுபிசுப்பு தட்டினால் தண்ணீரால் கழுவி, உப்புத்தாள் போட்டுவிட்டு அடுத்ததைப் பூசுங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் இந்த வேலையே வேண்டாம். மாசி, பங்குனி நல்ல காலம்.

கண்ணாடி 12 மி.மீ. போதும். இடித்த கடைகளிலிருந்து பழைய பொருள் கடைக்கு வரும் கதவுக் கண்ணாடி மலிவு, ஆனால் பெரும்பாலும் டஃபன்ட். அதை அறுக்க முடியாது, நொறுங்கிவிடும். அறுக்கக்கூடிய சாதாரணக் கண்ணாடி கிடைத்தால் எடுங்கள், விளிம்பைத் தேய்த்து வாங்குங்கள். சட்டத்தின் மேல் எல்லாப் பக்கமும் ஒன்றரை அங்குலம் ஏறி உட்காரும்படி உள்ளிருந்து பதிக்க வேண்டும். நீர் நிரம்பியதும் 200 கிலோவுக்கு மேற்பட்ட விசை அந்தக் கண்ணாடியைச் சட்டத்தோடு அழுத்தும். அந்த அழுத்தமே இணைப்புக்குப் பாதுகாப்பு. சிலிக்கான் வாங்கும்போது குளியலறைக்கான பூஞ்சைத் தடுப்பு வகையைத் தொடாதீர்கள், மீனுக்கு அது நஞ்சு. எபாக்சி முழுதாக இறுகிய பின், சிலிக்கான் படும் இடத்தை உப்புத்தாளால் மங்கலாக்கித் துடைத்துவிட்டுப் பதியுங்கள். மூன்று மி.மீ. தடிமன் சிலிக்கான் நடுவில் நிற்க வேண்டும். அழுத்தி முழுவதையும் பிதுக்கிவிடக் கூடாது. பதித்தபின் ஒரு வாரமாவது தண்ணீர் ஊற்றாதீர்கள்.

பிறகு வாசலிலோ முற்றத்திலோ வைத்து நிரப்பி, ஒரு வாரம் அப்படியே விடுங்கள். அடிப்பலகையைத் தினமும் கையால் தடவிப் பாருங்கள். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதிதாக நிரப்பி, பில்டரில் நல்ல பாக்டீரியா பிடித்த பிறகே மீனை விடுங்கள். அதற்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆகும்.

நிரம்பிய தொட்டியில் 540 லிட்டர் தண்ணீர் இருக்கும். மணல், கண்ணாடி, பலகை எல்லாம் சேர்ந்து எடை 700 கிலோவை நெருங்கும். நம் வீடுகளின் தளம் சதுர மீட்டருக்கு சுமார் 200 கிலோ பாரத்துக்கே கணக்கிடப்படுகிறது. இந்தத் தொட்டி அதைப் போல மூன்று மடங்கை ஓரிடத்தில் ஏற்றும். தரைத்தளமாக இருந்தால் கவலையில்லை. மாடி என்றால் கட்டடப் பொறியாளரைக் கூப்பிட்டு, உத்தரம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கேட்டுவிட்டு முதல் பலகையை வாங்குங்கள்.