எட்டு மணிக்குப் பாய் விரித்தால் கோவில்

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி. நாக்பூரில் எங்கள் வீட்டு ஹாலில் சோபாவைத் தள்ளிவிட்டுப் பாய் விரித்தாயிற்று. பையன் ஃபேனுக்கு நேராக இடம் பிடித்துவிட்டான். தங்கமணி குக்கரை அணைக்கலாமா, இன்னொரு விசில் விடலாமா என்ற யோசனையில் இருக்கிறார். அம்மாவுக்கு முட்டுவலி, அதனால் நாற்காலி. நான் ஜெபப் புத்தகத்தோடு நடுவில். இதுதான் எங்கள் ஆராதனை. மூன்று வருடமாக இப்படித்தான் நடக்கிறது.

"என்னப்பா, கோவிலுக்குப் போறதையே விட்டுட்டியாமே?" என்று ஊரிலிருந்து போன் வராத மாதம் கிடையாது. (திருநெல்வேலிப் பக்கத்து சி.எஸ்.ஐ.காரர்களுக்குச் சர்ச்சும் கோவில்தான். மற்றவர்கள் குழம்ப வேண்டாம்.) மச்சான் வாட்ஸப்பில் 'எபிரெயர் 10:25' என்று எண்ணை மட்டும் அனுப்புவார். சபை கூடிவருவதை விடக்கூடாது என்கிற வசனம். நானும் சளைக்காமல் 'மத்தேயு 18:20' என்று திருப்பி அனுப்புவேன். இரண்டு மூன்று பேர் கூடினாலே போதும் என்கிற வசனம். ஹெட் ஆபீஸ் சர்க்குலர் நம்பரை வைத்து இரண்டு கிளை மேனேஜர்கள் சண்டை போடுவது மாதிரி இருக்கும்.

ஆரம்பித்து வைத்தது கொரோனா. 2020 மார்ச்சில் கோவிலைப் பூட்டினார்கள். கொஞ்ச நாள் யூட்யூபில் ஊர் ஆராதனையைப் பார்த்தோம். 'பார்த்தோம்' என்பதுதான் சரியான வார்த்தை. பாவ அறிக்கை ஓடும்போது பையன் முறுக்கு தின்றுகொண்டிருந்தான். டிவியை அணைத்துவிட்டு நாமே செய்வோம் என்று பாய் விரித்தது அப்போதுதான். மகாராஷ்டிராவில் கோவில்களை 2021 அக்டோபர் 7-ம் தேதி மறுபடி திறந்தார்கள். நாங்களும் பாயைச் சுருட்டி வைத்துவிட்டுப் போனோம்.

இங்கே தமிழ்ச் சபைக்குத் தனிக் கட்டடம் கிடையாது. சி.என்.ஐ. கோவில் ஒன்றில், மராத்தி ஆராதனை முடிந்தபிறகு எங்களுக்கு நேரம். (வட இந்தியத் திருச்சபை 1970 நவம்பர் 29-ல் உருவானதே இந்த நாக்பூரில்தான்.) "நீங்க பேங்க்காரர், நீங்களே பொருளாளரா இருங்க சார்" என்றார்கள். தலையாட்டினேன். நாற்பது வயதுக்கு மேல் இப்படியெல்லாம் மாட்டிக்கொள்ளக் கூடாது.

2022 அறுப்பின் பண்டிகை. அசனச் சாப்பாட்டுக்கு ஆன செலவு என்று ஒரு வெள்ளைத்தாள் வந்தது. அரிசி இவ்வளவு, கறி இவ்வளவு, சமையல்காரர் கூலி இவ்வளவு. பில் ஒன்றும் இல்லை. வவுச்சர் கேட்டேன். "கோவில்ல என்ன சார் வவுச்சர்? எங்க மேல நம்பிக்கை இல்லையா?" என்றார் செயலாளர். நம்பிக்கைக்கும் வவுச்சருக்கும் சம்பந்தம் இல்லை என்பது இருபது வருடமாக நான் சாப்பிடும் சோறு. அதைப் பொறுமையாகச் சொல்லியிருக்கலாம். கமிட்டியில் எல்லார் முன்னாலும் "இதுக்குப் பேரு திருட்டு" என்று சொல்லிவிட்டேன்.

யாரும் திருடவில்லை என்றுதான் இப்போது தோன்றுகிறது. சந்தையில் கறிக்கடைக்காரரிடம் பில் கேட்கும் பழக்கம் அவர்களுக்கு இல்லை, அவ்வளவுதான். ஆனால் அந்தச் சொல்லைச் சொன்ன வாயோடு, அதே மனிதர் பக்கத்தில் முழங்கால்படியிட்டு நற்கருணை எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அடுத்த ஞாயிறு தலைவலி என்றேன். அதற்கடுத்த ஞாயிறு பாயை எடுத்தேன்.

வீட்டு ஆராதனையில் லாபம் இல்லாமல் இல்லை. பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். மகள் கீர்த்தனைகளை ஒரு நோட்டில் தேவநாகரியில் எழுதி வைத்துக்கொண்டு பாடுகிறாள். நடுவில் நிறுத்தி "கிருபைன்னா என்னப்பா, தயவா?" என்று கேட்கிறாள். கோவிலில் யார் நிறுத்த விடுவார்கள்? வேலைக்கு வரும் பாயின் பேத்திக்கு ஜுரம் என்றால் பேர் சொல்லி ஜெபிக்கிறோம். காணிக்கைக்கு ஒரு பிஸ்கட் டப்பா. (அதற்கு ரசீது உண்டா என்று மகன் கேட்டான். நறுக்கென்று இருந்தது.)

அப்பா காலமானபிறகு 2023-ல் அம்மா எங்களோடு வந்துவிட்டார். ஒருநாள் பாவ அறிக்கை முடிந்ததும், குருவானவர் மட்டும் சொல்ல வேண்டிய பாவமன்னிப்பை நான் வாசித்த வேகத்தில் 'உங்களை' என்றே சொல்லிவிட்டேன். அம்மா கண்ணைத் திறந்தார்.

"யய்யா, உங்களைன்னு சொல்ல நீ என்ன ஐயரா? நம்மளைன்னு சொல்லு. உபதேசியார் அப்படித்தான் சொல்லுவாரு."

எங்கள் பக்கத்துச் சேகரத்தில் ஒரே ஐயருக்குப் பல ஊர்க் கோவில்கள். சாதாரண ஞாயிறுகளில் உபதேசியார்தான் ஆராதனை நடத்துவார். நான் ஏதோ பெரிய புரட்சி என்று நினைத்துக்கொண்டிருந்தது எங்கள் ஊர் வழக்கம்தான். ஆனால் ஐயர் வராமல் அங்கேயும் நடக்காதது ஒன்று உண்டு: திருவிருந்து. எனக்கு இடித்தது அந்த இடத்தில்தான்.

அம்மா கேட்கவில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும் வெள்ளைச் சேலையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்காருவார். நாலு மாதம் பார்த்தேன். பிறகு ஐயருக்குப் போன் போட்டு, வீட்டுக்கு வந்து கொடுக்க முடியுமா என்றேன். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குக் கொடுப்பது வழக்கம்தானே. அவரும் சரி என்றார். அம்மாதான் ஒத்துக்கொள்ளவில்லை.

"எனக்கு முட்டுவலி, நோக்காடு இல்ல. நடந்து போய்த்தான் வாங்குவேன். உனக்கு வேண்டாம்னா நீ வராண்டாம்."

அதனால் முதல் ஞாயிறுகளில் அம்மாவையும் பிள்ளைகளையும் கோவில் கேட்டில் இறக்கிவிட்டு, ரோட்டோர வேப்பமரத்தடியில் காரில் உட்கார்ந்திருக்கிறேன். தங்கமணி ஒன்றிரண்டு முறை எனக்குத் துணைக்கு இருந்தார், பிறகு அவரும் உள்ளே போய்விட்டார். பாவ அறிக்கையை எல்லாரும் சேர்ந்து சொல்வது ரோடு வரைக்கும் கேட்கும். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நானும் கூடவே முணுமுணுப்பேன்.

போன மே மாதம் அம்மா வெளியே வரும்போது, படியில் கையைப் பிடித்து இறக்கிவிட்டது அந்தச் செயலாளர். காரைப் பார்த்தார். நான் ரேடியோவைத் திருகுவதுபோல் குனிந்துகொண்டேன்.

"உன்னையக் கேட்டாரு" என்றார் அம்மா, ஏறி உட்கார்ந்ததும்.

"என்ன சொன்னீங்க?"

"வெளிய வண்டியில இருக்காம்னேன்."

"அதுக்கு?"

"அடுத்த மாசம் மழை வந்துரும், வண்டிய உள்ள கொண்டாந்து நிறுத்தச் சொல்லுங்கன்னாரு."