தாம்பரத்திலிருந்து திரிசூலம்... நடுவே ஒரு நர்ஸின் ஃபைல்!

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் நான்காவது ஸ்டேஷன் திரிசூலம். சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், அடுத்தது திரிசூலம்தான். இறங்கி ஜி.எஸ்.டி. ரோட்டைத் தாண்டினால் எதிரிலேயே விமான நிலையம். கால் மணி நேரப் பயணம். ஆனால் இந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் வேலை பார்க்கும் நர்ஸுகளில் பலருக்கு இந்த நான்கு ஸ்டேஷனைக் கடக்க இரண்டு, மூன்று வருடம் பிடிக்கிறது.

காலை ஷிஃப்ட்டுக்குப் போகும் நேரத்து லேடீஸ் கம்பார்ட்மென்ட்டில் இவர்களைப் பார்க்கலாம். மடித்துக் கட்டிய கொண்டை, தோளில் பை, காதில் இயர்போன். பாட்டு கேட்கிறார்கள் என்று நினைப்போம். பாதிப் பேர் கேட்பது ஓ.இ.டி. தேர்வுக்கான லிசனிங் பயிற்சி. திருநெல்வேலி, தூத்துக்குடி, விழுப்புரம் என்று எங்கிருந்தோ வந்து, ஹாஸ்டலில் ஒரு ரூமுக்கு நான்கு பேராகத் தங்கி, இங்கே இரண்டு வருட அனுபவம் சேர்த்துக்கொண்டு கிளம்புவதுதான் திட்டம். அந்த அனுபவம் தருவதற்கு இந்தத் தடத்தில் ஆஸ்பத்திரிகளுக்குக் குறைவில்லை. மேற்குத் தாம்பரத்தில் இந்து மிஷன், குரோம்பேட்டையில் அரசு ஆஸ்பத்திரி, ரேலா, பாலாஜி மருத்துவக் கல்லூரி, இவற்றுக்கு நடுவே தெருவுக்கொரு நர்சிங் ஹோம்.

எல்லாவற்றுக்கும் மூத்தது, ஒரு ரயில் நிலையத்துக்கே பெயர் கொடுத்த சானடோரியம். 1928-ல் டாக்டர் டேவிட் சௌரிமுத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கியது. 1937-ல் அரசு எடுத்துக்கொண்டது. சௌரிமுத்து அதற்கு முன் இங்கிலாந்தில் மெண்டிப் மலையில் சானடோரியம் நடத்தியவர். கணித மேதை ராமானுஜன் அங்கே அவரிடம் சிகிச்சை பெற்றிருக்கிறார். சீமையில் வைத்தியம் பார்த்துவிட்டு ஒருவர் தாம்பரத்துக்குத் திரும்பி வந்தார். இன்று அதே ஊரிலிருந்து நர்ஸுகள் சீமைக்குக் கிளம்புகிறார்கள்.

காசநோய் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வளைகுடா நாடுகளுக்குப் போகிறவர்களுக்கு ‘வாஃபித்’ என்ற மருத்துவப் பரிசோதனை உண்டு. முன்பு ‘காம்கா’ என்பார்கள். அதில் நெஞ்சு எக்ஸ்-ரே முக்கியம். எப்போதோ வந்து முழுமையாகக் குணமான காசநோயின் தழும்பு நுரையீரலில் தெரிந்தால்கூட ‘அன்ஃபிட்’ என்று எழுதிவிடுகிறார்கள். நெஞ்சக நோய் வார்டில் வேலை பார்த்து நோயை வாங்கிக்கொண்ட நர்ஸுக்கு, குணமான பிறகும் அந்தக் கதவு திறக்காது. என்னைக் கேட்டால் இது கொடுமையான விதி. இங்கிலாந்தும் காசநோய்ச் சான்றிதழ் கேட்கிறது. ஆனால் அங்கே பார்ப்பது இப்போது நோய் இருக்கிறதா என்பதைத்தான். எனவே வளைகுடா கனவு உள்ளவர்கள் யாருக்காவது பணம் கட்டும் முன்பே, சொந்தமாக ஒரு எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது. சில நூறு ரூபாய் சமாச்சாரம். நகையை அடகு வைத்த பிறகு தெரிந்துகொள்ளக் கூடாது.

அடுத்த சிக்கல் நம் தமிழர்களுக்கென்றே வாய்த்தது. இனிஷியல்!

ஹாஸ்டலில் ஒரு சீனியர் நர்ஸ், புதிதாக வந்த பெண்ணிடம் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்: “ஏன்டி, மார்க் ஷீட்டுல உன் பேரு எப்படி இருக்கு? பாஸ்போர்ட்டுல எப்படி இருக்கு?”

“மார்க் ஷீட்டுல எஸ்.கவிதாக்கா. பாஸ்போர்ட்டுல கவிதா செல்வம்னு போட்டிருக்காங்க.”

“அப்போ நாளைக்கே அதைக் கவனி. அங்க இருக்கிறவனுக்கு இது ரெண்டும் ரெண்டு ஆளு!”

உண்மைதான். அப்பா பெயரை முதல் எழுத்தாக மட்டும் வைக்கும் வழக்கம் வெளிநாட்டு அலுவலகத்துக்குப் புரியாது. கல்யாணமாகி இனிஷியல் மாறியிருந்தால் இன்னும் ஒரு முடிச்சு. பாஸ்போர்ட், பட்டம், கவுன்சில் பதிவு, அனுபவச் சான்றிதழ் நான்கிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒத்துப் போகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பிரமாணப் பத்திரம் போதுமா, கெஜட்டில் பெயரை மாற்ற வேண்டுமா என்பது அதற்குப் பிறகு.

இவ்வளவு கவனம் எதற்கு? சவூதி, கத்தார், ஓமன், அமீரகம் போன்ற நாடுகளின் சுகாதார அமைப்புகள் நம் கையில் இருக்கும் சான்றிதழை நம்புவதில்லை. ‘டேட்டாஃப்ளோ’ என்ற நிறுவனம் நேராகக் கல்லூரிக்கும் கவுன்சிலுக்கும் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கும் எழுதி, “இவர் உங்களிடம் படித்தாரா, வேலை பார்த்தாரா?” என்று கேட்கும். ஆஸ்பத்திரி பதில் போடாவிட்டால் ஃபைல் அங்கேயே நிற்கும். சம்பளத்தைக் கையில் கொடுத்து, அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்கூட இல்லாமல் நடத்தும் சின்ன நர்சிங் ஹோமில் உழைத்த வருடங்கள் இந்த இடத்தில்தான் காணாமல் போகின்றன. வேலையில் சேரும் நாளிலேயே ஆர்டர், மாதா மாதம் பே-ஸ்லிப், விலகும்போது ரிலீவிங் லெட்டர் என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரிஜினல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளும் இடங்களும் இருக்கின்றன. சேரும் முன் யோசியுங்கள்.

இனி ரயிலில் திரிசூலத்தைத் தாண்டியே போக வேண்டும். விமானம் ஏற வேண்டியவர், விமான நிலையத்தைப் பார்த்துக்கொண்டே கடந்து போய் இறங்கும் இடம் கிண்டி. பி.எஸ்ஸி. நர்சிங் பட்டம் தரும் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் அங்கேதான். மதிப்பெண் விவரம் அடங்கிய டிரான்ஸ்கிரிப்ட்டுக்கு அங்கே விண்ணப்பிக்க வேண்டும். பதிவைச் சரிபார்க்கவும், ‘குட் ஸ்டாண்டிங்’ சான்றிதழுக்கும் மயிலாப்பூர் சாந்தோம் சாலையில் இருக்கும் தமிழ்நாடு செவிலியர் கவுன்சில். ஜெர்மனி என்றால் நுங்கம்பாக்கம் வரை போய் மாக்ஸ் முல்லர் பவனில் ஜெர்மன் படிக்கலாம். பொதுவாக பி-1 நிலை இருந்தால் விசா, பி-2 முடித்தால்தான் முழு நர்ஸ் அங்கீகாரம். பூஜ்யத்திலிருந்து பி-2 வரை போக, நைட் டியூட்டி பார்த்துக்கொண்டே படிப்பவருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம்.

ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு சாவி. இங்கிலாந்துக்கு ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் எழுத்துக்கு 6.5, மற்ற மூன்றுக்கும் 7, இல்லையென்றால் ஓ.இ.டி.; பிறகு கம்ப்யூட்டர் தேர்வை இங்கேயே எழுதலாம், செய்முறைத் தேர்வான ஆஸ்கி அங்கே போய்த்தான். அமெரிக்காவுக்கு என்கிளெக்ஸ். சென்னையிலேயே எழுதலாம், பாஸும் பண்ணிவிடலாம். ஆனால் கிரீன் கார்டு வரிசையில் இந்தியர்கள் நிற்க வேண்டியது பத்து வருடத்துக்கும் மேல். இதை எந்தக் கோச்சிங் சென்டர் போர்டிலும் பார்க்க முடியாது. சவூதியில் டிப்ளமோ படித்தவரை ‘டெக்னீஷியன்’ என்றும், பட்டம் பெற்றவரை ‘ஸ்பெஷலிஸ்ட்’ என்றும் பிரிப்பார்கள், சம்பளமும் அதற்கேற்பத்தான்.

இந்த வரிசையில் விசா கடைசியாகத்தான் வரும். லைசென்ஸுக்கான தகுதி, வேலைக் கடிதம், அப்புறம்தான் விசா. “முதலில் விசா எடுத்துடலாம், மற்றதெல்லாம் அங்கே போய்ப் பார்த்துக்கலாம்” என்று ஒரு ஏஜென்ட் சொன்னால், அது பெரும்பாலும் விசிட் விசா. இங்கிலாந்தில் ‘கேர் ஒர்க்கர்’ விசாவை நர்ஸ் வேலை என்று சொல்லி விற்றவர்களும் உண்டு. வெளிநாட்டிலிருந்து புதிதாகக் கேர் ஒர்க்கர்களை எடுப்பதையே அந்த நாடு 2025 ஜூலை 22-ல் நிறுத்திவிட்டது. இன்னமும் அதற்குப் பணம் கேட்பவர் வந்தால் வாசலோடு அனுப்பிவிடலாம்.

இராக்கின் திக்ரித்தில் சிக்கி, 2014 ஜூலையில் ஊர் திரும்பிய 46 நர்ஸுகளை நினைவிருக்கும். பெரும்பாலும் கேரளத்துப் பெண்கள். வேலைக்காகப் பட்ட கடன் அடையாததால் ஊர் திரும்பத் தயங்கியவர்களும் அவர்களில் இருந்தார்கள். அடுத்த ஆண்டே மத்திய அரசு விதியை இறுக்கியது. பத்தாவது முடித்தவர்களின் பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். முத்திரை இருக்காது, குடியேற்ற அனுமதி தேவைப்படாது என்பது பொது விதி. நர்ஸுகளுக்கு மட்டும் விதிவிலக்கு. சவூதி, குவைத், அமீரகம், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு நர்ஸ் வேலைக்குப் போனால், எந்த பாஸ்போர்ட்டாக இருந்தாலும் அனுமதி பெற வேண்டும். அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் போக வேண்டும் என்றும் அப்போது கட்டுப்படுத்தினார்கள். தமிழ்நாட்டில் அந்த நிறுவனம், கிண்டி திரு.வி.க. தொழிற்பேட்டையில் இருக்கும் ஓவர்சீஸ் மேன்பவர் கார்ப்பரேஷன். 1978 முதல் இயங்குகிறது. தாம்பரத்து அம்மாக்கள் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். வளைகுடாவுக்கும், மொழிப் பயிற்சியோடு ஜெர்மனிக்கும் அங்கிருந்து அறிவிப்புகள் வருகின்றன. அவர்கள் இணையதளத்தை வாரம் ஒரு முறை பார்த்தாலே போதும்.

தனியார் ஏஜென்ட் என்றால், மத்திய அரசின் ‘இ-மைக்ரேட்’ தளத்தில் அவர் லைசென்ஸ் நம்பரைப் போட்டுப் பாருங்கள். அவர் வாங்கக்கூடிய அதிகபட்ச சர்வீஸ் கட்டணம் 30,000 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. ரசீது தர வேண்டும். மூன்று லட்சம், ஐந்து லட்சம் என்று கேட்டால் அது கட்டணமே இல்லை.

எல்லாம் முடிந்து ஒரு நாள் ராத்திரி பெட்டியோடு திரிசூலத்தில் இறங்குகிறவரிடம் மூன்று காகிதங்கள் இருக்க வேண்டும்: முதலாளி கையெழுத்திட்ட வேலை ஒப்பந்தம், குடியேற்ற அனுமதி, பிரவாசி பாரதிய பீமா யோஜனா பாலிசி. பாலிசிக்கு இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய். விபத்தில் உயிரிழப்பு, நிரந்தர ஊனம் என்றால் 10 லட்சம் வரை காப்பீடு. மூன்றையும் ஒரு ஜெராக்ஸ் எடுத்து அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.