நாலு மணி நேர ராஜ்யம்

சிகாகோவிலிருந்து ஒன்றரை மணி நேரம் காரில் போனால், விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா. வருகிறவர்கள் எல்லாம் ஏரியைப் பார்க்க, நான் போய் உட்கார்ந்தது ஒரு போர்டு கேம் கடையில்! காரணம் இருக்கு ஸார். 1974-ல் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வெளியான ஊர் இது. முதல் ஆயிரம் பெட்டிகளைக் கேரி கைகாக்ஸ் வீட்டிலேயே கையால் அடுக்கினார்களாம்.

ஆளுக்கொரு வேஷம், கதையை நடத்த ஒருத்தர், தலையெழுத்துக்கு இருபது முகப் பகடை. ஆட்டம் மாதக்கணக்கில் இழுக்கும். ஆபீஸ் போகிறவனுக்கு ஏது அவ்வளவு லீவு? அதற்குத்தான் ஒரே உட்காரலில் முடிகிற 'ஒன் ஷாட்'.

நடத்தியவர் கில்லாடி. வேஷங்களை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார். இல்லாவிட்டால் அதிலேயே ஒரு மணி நேரம் போய்விடும். (எனக்குத் திருடன் வேஷம். பி.காம். என்று சொன்னதாலோ என்னவோ!) சத்திரம், சாப்பாடு என்று வளர்த்தாமல் கதையைக் குகை வாசலிலேயே ஆரம்பித்தார். நேரம் ஓடவே, நடுவில் ஒரு அறையையே சத்தமில்லாமல் வெட்டினார்.

கடை மூடப் பத்து நிமிஷம். டிராகன் உயிரோடு! அதுவரை வாயே திறக்காத பையன் பகடையை உருட்டினான். இருபது! அவன் போட்ட கூச்சலில் கடைக்காரர் கையிலிருந்த சாவிக்கொத்து கீழே விழுந்தது.