ஒரு சிறு விசை கற்பித்த பாடம்



என் மாணவன் ஒருவனின் வீட்டில் பழைய மடிக்கணினி ஒன்று இருந்தது. புதிது வாங்க வசதியில்லை. நான் அதில் உபுண்டு லினக்ஸை நிறுவிக் கொடுத்தேன். எல்லாம் சரியாக இயங்கின. கம்பியில்லா இணைப்பு மட்டும் கிடைக்கவில்லை.

தந்தையும் மகனும் மீண்டும் கொண்டு வந்தார்கள். நான் முனையத்தைத் திறந்து ஆராயத் தொடங்கினேன். கணினியின் முன்விளிம்பைத் தடவிக்கொண்டிருந்த மாணவன், "ஐயா, இந்தச் சின்ன விசை எதற்கு?" என்று கேட்டான். "குறுக்கே பேசாதே" என்று அடக்கிவிட்டேன்.

இரண்டு மணி நேரம் இயக்கியின் மீதே பழி போட்டேன். உண்மையில் அது ஏத்தெரோஸ் அட்டை; அதற்குரிய 'ஏடிஎச்9கே' இயக்கி 2008 முதல் லினக்ஸ் கெர்னலிலேயே இருக்கிறது. இறுதியில் 'ஆர்எஃப்கில் லிஸ்ட்' என்னும் கட்டளையை இட்டேன். மென்தடை: இல்லை. வன்தடை: ஆம்.

மென்தடையைக் கட்டளையால் நீக்கலாம். வன்தடையை எந்தக் கட்டளையாலும் நீக்க இயலாது. விசையைக் கையால்தான் நகர்த்த வேண்டும். மாணவன் காட்டிய அதே விசை! நகர்த்தினேன், இணைப்புகளின் பட்டியல் திரையில் தோன்றியது.

இத்தகைய சிக்கல் நேர்ந்தால் முதலில் தடையைப் பாருங்கள். பிறகு அட்டை தெரிகிறதா, இயக்கி ஏறியதா என்று பாருங்கள்.

அவனுடைய தந்தையின் முன்னிலையிலேயே மாணவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் சிரித்தான். வகுப்பில் இப்படி எத்தனை கேள்விகளை அடக்கியிருப்பேனோ என்ற எண்ணம்தான் இன்னும் உறுத்துகிறது.