அகக்காழ்

‘வைரம் பாய்ந்த நடை’ என்ற சொற்சேர்க்கை நம் விமர்சனங்களில் அடிக்கடி வருகிறது. ‘சேகேறிய மொழி’ என்பதும் உண்டு. இரண்டும் தச்சர்களிடமிருந்து வாங்கிய கடன். கடன் கொடுத்தவன் என்ன பொருளில் சொன்னான் என்று நாம் விசாரித்ததில்லை. வைரம் என்பது மரத்தின் செத்த பகுதி. பட்டையை ஒட்டியிருக்கும் வெளிறுதான் உயிரோடிருப்பது. வேரிலிருந்து இலைக்கு நீர் ஏறுவது அதன் வழியாகத்தான். வருஷா வருஷம் உட்புறமாக ஒதுக்கப்படும் திசுக்கள் மெல்லச் சாகின்றன. சாகும் சமயத்தில் பிசினும் நிறப்பொருள்களும் நச்சுகளும் அங்கே படிகின்றன. பல மரங்களில் நீர்க்குழாய்களே அடைபட்டுவிடுகின்றன. வைரம் கறுப்பதும், பூச்சி எளிதில் அரிக்காததும் இதனால்தான். ஆகவே ஒரு கவிஞனின் மொழியை வைரம் பாய்ந்தது என்று பாராட்டுகிறபோது, அது நீர் ஏற்றுவதை நிறுத்திவிட்டது என்றும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம். பாராட்டு தவறு என்பதல்ல. முழுதும் வெளிறாக இருக்கும் மரம் கூரையைத் தாங்காது. முழுதும் வைரமாக இருக்கும் மரம் நிற்காது. எதை, எதற்காகப் பாராட்டுகிறோம் என்பதுதான் கேள்வி.

தொல்காப்பியம் இந்த இடத்தில் நம்மைவிடத் தெளிவாக இருக்கிறது. உறுதி புறத்தே இருந்தால் அது புல், அகத்தே இருந்தால் அது மரம் என்று பிரிக்கிறது. பனை, தென்னை, மூங்கில் எல்லாம் புல் கட்சி. இன்றைய தாவரவியலின் ஒருவித்திலை, இருவித்திலைப் பகுப்போடு இது பெரும்பாலும் ஒத்துப்போகிறது. எனக்கு முக்கியமாகப் படுவது, இது வருகிற இயலின் பெயர் மரபியல் என்பது. அங்கே மரபு என்றால் எதற்கு எந்தப் பெயர் வழங்குகிறது, எந்தக் குட்டியைப் பறழ் என்று சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்கிற மாதிரியான விஷயங்கள். பொருள்களை அவற்றின் பெயரோடு சரியாக அறிந்திருப்பது. இருபதாம் நூற்றாண்டில் நாம் ‘மரபு’ என்ற சொல்லின் மீது ஏற்றிவைத்த பாரம் எதுவும் அதில் இல்லை.

ஒரு மரத்தின் பெயரையாவது சரியாக அறிந்துகொள்ளலாம் என்று நான் எடுத்துக்கொண்டது ஆச்சா. வறண்ட காடுகளின் மரம். தக்காணத்திலும் தமிழ்நாட்டின் உலர்ந்த பகுதிகளிலும் வளர்வது. தாவரவியலில் ஹார்ட்விக்கியா பைனேட்டா என்று ராக்ஸ்பர்க் வைத்த பெயர். முன்பாதி ஹார்ட்விக் என்ற ராணுவ அதிகாரியைக் குறிப்பது, பின்பாதி இரண்டிரண்டாக இணைந்திருக்கும் சிற்றிலைகளைக் குறிப்பது. சங்கப் பாடல்களின் யா மரம் இதுதான் என்று கொள்கிறவர்கள் பலர். குறுந்தொகையில் ஆண்யானை தன் பிடியின் பசி தீர்க்க யா மரத்தின் பட்டையை உரிக்கிறது. ஆச்சாவின் பட்டையில் நல்ல நார் உண்டு, கயிறு திரிக்கலாம். இலை மாட்டுக்குத் தீவனம். பாடினவர் மரத்தைப் பார்த்துத்தான் பாடியிருக்கிறார்.

இதன் வைரம் கருஞ்சிவப்பில், கறுப்புக் கீற்றுகளோடு இருக்கும். இந்திய மரங்களிலேயே மிகக் கனமானவை, கடினமானவை என்று சொல்லத்தக்க சிலவற்றில் ஒன்று. உலர்ந்த தேக்கு கன மீட்டருக்கு ஏறத்தாழ 650 கிலோ. ஆச்சா 1000 கிலோவைத் தாண்டும். அதாவது தண்ணீரில் போட்டால் மூழ்கும். ஆணி நேராக இறங்காது, முதலில் துளை போட வேண்டும். ரம்பத்தின் பல்லை மழுக்கிவிடும். தூண், உத்தரம், வண்டிச் சக்கரத்தின் குடம் ஆகியவற்றுக்கு உகந்தது. அதோடு நாகசுரத்துக்கும்.

2014இல் தஞ்சைப் பக்கத்திலிருந்த எங்கள் தாத்தா வீட்டைப் பிரித்தார்கள். பங்கு பிரிக்க வேறு வழி இல்லை. பழைய மர வியாபாரி ஒருவர் வந்து கூரையைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றார். சாய்ப்புக்கு முழுதும் பனங்கை; அதை விறகு விலைக்குக் கேட்டார். கூடத்தில் தேக்கு, அதற்குக் கன அடிக் கணக்கு. நடு உத்தரத்தைப் பேனாக்கத்தியால் ஒரு இடத்தில் சுரண்டிப் பார்த்துவிட்டு விலையைச் சொல்லாமல் டீ கேட்டார். அது ஆச்சா. அதன் ஒரு பகுதி நரசிங்கம்பேட்டைக்குப் போகும் என்று பிறகு சொன்னார். தொண்ணூறு வருஷத்துக்கு முன்னால் அதைத் தூக்கிவைத்தவர்கள் அப்படி நினைத்திருக்க நியாயமில்லை.

நான் நரசிங்கம்பேட்டைக்குப் போய்ப் பார்த்தேன். கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகும் வழியில், ஆடுதுறையை அடுத்த ஊர். நாகசுரம் செய்பவர்கள் தலைமுறைகளாக இருக்கும் இடம். 2022இல் அவர்கள் கருவிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பட்டறையில் நீண்ட இரும்புக் கருவிகள் ஒன்றைவிட ஒன்று சிறிது பருமனாகச் சாத்திவைக்கப்பட்டிருந்தன. மரத்தைக் கடைசலில் உருட்டி, மேலே ஒடுங்கிக் கீழே விரியும்படி உள்ளே குடைந்துகொண்டே போக வேண்டும். ஏழு விரல் துளைகள். கீழே இன்னும் ஐந்து, அவற்றை மெழுகால் அடைத்தும் திறந்தும் சுருதியைச் சரிசெய்வது.

“புது மரம் கூடாதா?” என்று கேட்டேன்.

“புது மரம் பேசும் தம்பி. ஆனா நாளைக்கு வேற மாதிரி பேசும்” என்றார் பெரிய ஆசாரி.

அவர் சொன்னதன் காரணம் மரவியல் பாடநூல்களில் இருக்கிறது. மரம் உலரும்போது எல்லாத் திசையிலும் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை. நீளவாக்கில் கிட்டத்தட்டச் சுருங்குவதே இல்லை. ஆண்டு வளையத்தின் போக்கில், ஆரத்தின் திசையில் சுருங்குவதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு சுருங்குகிறது. வட்டமாகக் குடைந்தது நீள்வட்டமாகிவிடும். வாசிப்பவனின் மூச்சு ஈரம் உள்ளே படிந்தால் திரும்பவும் ஊதும். இரண்டு தலைமுறை ஓட்டுக்கடியில் ஐப்பசி மழையும் சித்திரை வெயிலும் பார்த்த மரம் இந்த அசைவுகளையெல்லாம் பெரும்பாலும் முடித்துக்கொண்டுவிட்டது. காலப்போக்கில் அதன் நார்களுக்கிடையில் ஈரத்தை இழுக்கும் பொருள்களும் சிதைவதால், புது மரத்தைவிடக் குறைவாகவே நீரை ஏற்கும்.

இங்கே ஒரு சிக்கல் வருகிறது. காற்றுக் கருவிகளில் ஒலிப்பது உள்ளே இருக்கும் காற்றுத்தூண், சுவர் அல்ல. 1971இல் ஜான் கோல்ட்மன் என்ற அமெரிக்க இயற்பியலாளர் வெள்ளி, தாமிரம், மரம் ஆகிய மூன்றிலும் ஒரே உள்ளளவில் புல்லாங்குழல்கள் செய்து, அவற்றை மறைவில் வாசிக்கச் செய்தார். கேட்டவர்களால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை. நம்மூரிலேயே சான்று உண்டு. கும்பகோணம் ஆதிகும்பேசுவரர் கோயிலில் கல்லால் செய்த நாகசுரம் இருக்கிறது. கல்லும் பாடுகிறது என்றால் ஆச்சா எதற்கு?

உருவம், உள்ளடக்கம் என்று நாம் வருஷக்கணக்காகக் கட்சி கட்டிக்கொண்டு சண்டையிட்ட விவகாரம்தான் இது. உள்ளடக்கக் கட்சிக்காரன் மரத்தில்தான் நாதம் என்பான். உருவக் கட்சிக்காரன் கோல்ட்மனைக் காட்டி, மரம் வெறும் சாக்கு என்பான். பட்டறையில் உட்கார்ந்திருந்தபோது இரண்டும் எனக்குப் பொருந்தவில்லை. ஆச்சா தன் குரலைக் கருவிக்குத் தருவதில்லை. கொடுத்த வடிவத்தை விட்டுக்கொடுக்காமல் வைத்திருக்கிறது, அவ்வளவுதான். துளையின் விளிம்பு கூர்மையாக நிற்கும், உட்சுவர் வழுவழுப்பாக இருக்கும், மழைக்காலத்திலும் அளவு மாறாது. கருப்பொருள் செறிவாக இருக்க வேண்டும் என்று நான் கேட்பதும் இந்த அர்த்தத்தில்தான். செறிவில்லாத அனுபவத்தில் குடைந்த வடிவம் ஆறு மாதத்தில் கோணிக்கொள்கிறது. நம் கவிதைத் தொகுப்புகளில் இதற்கு உதாரணம் தேடிச் சிரமப்பட வேண்டியதில்லை.

வடிவம் மாறக்கூடாது என்பதும் இல்லை. முன்பு வழங்கிய திமிரி நாயனம் குட்டையானது, சுருதி தூக்கலானது. சுத்த மத்திமம் அதில் சரியாக நிற்காது. டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் (1898–1956) தேவைக்காக நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி அளவுகளை மாற்றி மாற்றிச் செய்துதான் இன்றைய பாரி நாயனம் வந்தது. மரபு என்று இன்று மேடையில் கேட்பது அந்த இரண்டு பேரின் பரிசோதனையை. மரம் மட்டும் மாறவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக் கல்யாணங்களுக்கு வந்த நாகசுரக்காரர்கள் வாசலில் பந்தலில் வாசித்தார்கள். பந்தலிலேயே சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். கூடத்துக்குள் வந்ததாக என் பாட்டிக்கு ஞாபகம் இல்லை. வரக்கூடாது என்று யாரும் சொன்னதாகவும் ஞாபகம் இல்லை, சொல்ல வேண்டியிருக்கவில்லை. கூடத்தின் நடுவில், அவர்கள் நுழையாத இடத்துக்கு மேலே, அந்த உத்தரம் இருந்தது. வீடு இடிந்த பிறகுதான் அது அவர்கள் கைக்குப் போயிற்று. இதை நியாயம் என்று கொண்டாட எனக்கு விருப்பமில்லை, ஏனென்றால் அவர்கள் அதை விலை கொடுத்து வாங்கினார்கள். ஆனால் மரபின் தொடர்ச்சி என்று நாம் பேசுகிறபோது, இடிபட்டால்தான் கைமாறுகிற பகுதி ஒன்று அதில் உண்டு என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

நான் வேலை பார்க்கும் வங்கிக்கு ஒருமுறை கருவி செய்யும் ஒருவர் சிறுகடனுக்கு வந்தார். படிவத்தில் ‘மூலப்பொருள் கிடைக்கும் இடம்’ என்று ஒரு கட்டம். “இடிக்கிற வீடு சார்” என்றார். அப்படியே எழுதினேன். “வரவர வீடு கிடைக்கிறதில்லே. எல்லாம் இடிச்சாச்சு. இப்ப இடிக்கிற வீட்டுல கம்பிதான் இருக்கு” என்று தொடர்ந்தார். அவர் சொன்னதில் புலம்பல் தொனி இல்லை. சரக்கு நிலவரம் சொல்கிற தொனி.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆச்சா மெதுவாக வளர்வது. இன்று ஒரு கன்று நட்டால் அது வைரம் கொள்ள ஒரு ஆயுள். பிறகு வெட்டி, கூரைக்கடியில் இரண்டு தலைமுறை. முன்பு இந்தக் காத்திருப்புக்கு யாரும் செலவழிக்கவில்லை. வீடு கட்டியவன் தன் காரியத்துக்காகக் கட்டினான், காத்திருப்பு தானாக நடந்தது. இனி யாராவது வேண்டுமென்றே காத்திருக்க வேண்டும். பிறக்காத ஒரு ஆசாரிக்காக, பிறக்காத ஒரு வித்வானுக்காக, மரத்தை வாங்கி, அறுத்து, நிழலில் அடுக்கி, பூட்டி வைக்க வேண்டும். அப்படி ஒரு கொட்டகை நரசிங்கம்பேட்டையில் போட எத்தனை செலவாகும் என்று நான் ஒரு மதிப்பீடு தயாரித்து வைத்திருக்கிறேன். பெரிய தொகை இல்லை. திருப்பிச் செலுத்தும் காலம் என்ற கட்டத்தில்தான் என்ன எழுதுவது என்று தெரியவில்லை.