நடுவில் ஒரு கோடு

அக்கா மகள் எறிபொருள் கணக்கு வரவில்லை என்று நோட்டோடு வந்தாள். பார்த்ததும் தெரிந்துவிட்டது. விழும் நேரம் காண்கிற சமன்பாட்டில் கிடைத்தளத் திசைவேகத்தைப் போட்டிருந்தாள். அந்த வயதில் நானும் அதையேதான் செய்தேன். வேகமாக எறிந்த பொருள் காற்றில் அதிக நேரம் இருக்கும் என்று மனம் பிடிவாதம் பிடிக்கும்.

எங்கள் ஆசிரியர் பக்கத்தின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு போடச் சொல்வார். இடப்பக்கம் கிடைத்தளம், வலப்பக்கம் செங்குத்து. இந்தப் பக்கத்து எண் அந்தப் பக்கம் போகக் கூடாது. நேரம் மட்டும் இரண்டு பக்கமும் போய்வரலாம். இதைவிட நல்ல இயற்பியல் பாடம் எனக்குக் கிடைத்ததில்லை.

கலிலியோவின் கையெழுத்துத் தாள் ஒன்று இருக்கிறது. 1608 வாக்கில் எழுதியது. சாய்பலகையில் உருட்டிய குண்டு மேசை விளிம்பைத் தாண்டித் தரையில் விழுகிறது. மேசையின் உயரம் 828 புந்தி. ஒரு புந்தி என்பது மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆக, நம் சாப்பாட்டு மேசை உயரந்தான். மேசைக்கு மேல் 300 புந்தி உயரத்திலிருந்து உருட்டியபோது விளிம்பிலிருந்து 800 புந்தி தள்ளி விழுந்தது. அதை வைத்து மற்றவற்றைக் கணக்கிடுகிறார். 600-க்கு வர வேண்டியது 1131, வந்தது 1172, வித்தியாசம் 41. 1000-க்கு வர வேண்டியது 1460, வந்தது 1500, வித்தியாசம் 40. பொருந்தாததை மறைக்காமல் பக்கத்திலேயே குறித்து வைத்திருக்கிறார். அந்த 41-ஐ நினைக்கும்போதெல்லாம் அவர் மேல் எனக்குப் பாசம் பொங்குகிறது. 800-ல் விழுந்த குண்டும் 1500-ல் விழுந்த குண்டும் காற்றில் இருந்தது ஒரே நேரம், ஏறத்தாழ 0.4 நொடி.

எறிபொருளின் பாதை பரவளையம் என்று நிறுவிய அவருடைய நூல் 1638-ல் லைடனில் அச்சானது. இந்த எண்கள் அதில் இல்லை. அச்சுப் பிரதி வீட்டுக்காவலில் இருந்தவரின் கைக்கு வந்து சேர்ந்தபோது கண்பார்வையும் போயிருந்தது.

அக்கா மகளிடம் ஸ்கேலும் இரண்டு காசும் எடுத்துவரச் சொன்னேன். மேசை விளிம்பில் ஒரு காசு, வெளியே நீட்டிய ஸ்கேல் நுனியில் ஒரு காசு. சுண்டினேன். ஒன்று நேர் கீழே விழுந்தது, மற்றது கதவருகே போய் விழுந்தது.

"காசு விழுந்துச்சு பாரு, எடுத்து வை" என்றாள் அக்கா, சமையலறையிலிருந்து.

"ரெண்டு காசும்மா!"